"பரவாயில்லை" என்று சொல்லாதீர்கள்!

(தோட்டக் கிளையின் பொதுக்கூட்டத்தில், அழைப்பின் பேரில் தோட்டக் கிராணி ஒருவர், ஃபிசியோதெராப்பி சிகிச்சைக்குச் செல்வோர் அறிய வேண்டியவை குறித்து ஆற்றிய உரை)



நான் தோட்ட உத்தியோகஸ்தர் சங்கத்தைச் சேர்ந்தவன். தொழிலாளர் கூட்டத்தில் கிராணிக்கு என்ன வேலை என்று பின்வரிசையில் யாரேனும் எண்ணினால் அதில் தவறில்லை. கிராணி என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது செக்ரோல் புத்தகமும், பால் நிறுக்கும் தராசும், அரை நாள் பேர் போடும் பேனாவுந்தான். ஆனால் என் தாயாரும் உங்களைப் போல் உளி பிடித்து இதே மரங்களை வெட்டியவர். நான் படித்ததும் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில்தான். ஆகவே வேற்றாள் பேசுவதாக எண்ணாமல் சற்று நேரம் செவி சாய்க்க வேண்டுகிறேன்.

கிளைச் செயலாளர் என்னிடம் ஒரு குறையைச் சொன்னார். நம் தோட்டத்தில் தோள் வலி, இடுப்பு வலி, முழங்கால் வலி என்று டாக்டரிடம் போகிறவர்களில் பலருக்கு ஃபிசியோதெராப்பிக்குக் கடிதம் கொடுக்கிறார்கள். அவர்களில் பாதிப்பேர் ஒரு முறை போய்விட்டு, மறுமுறை போவதில்லை. சிலர் அந்தக் கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்ததோடு சரி. ஏன் என்று கேட்டால், "ஊசி போடமாட்டார்கள், மாத்திரை தரமாட்டார்கள். கையைத் தூக்கு, காலை நீட்டு என்பார்கள். அதற்கு ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போக வேண்டுமா?" என்கிறார்கள்.

கேள்வி நியாயமானது. ஒரு நாள் சம்பளம் என்றால் என்னவென்று செக்ரோல் எழுதும் எனக்குத் தெரியும். ஆகவே அந்த அறைக்குள் என்ன நடக்கிறது, எதற்காக நடக்கிறது, அதில் நம் பங்கு என்ன என்று நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். முதலில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு உரிமையில்லை.

கொட்டிய பாலை எழுதினேன்

சில ஆண்டுகளுக்கு முன், நவம்பர் மாதத்து மழைக்காலம். மேட்டு நிரையில் வெட்டும் ஓர் அக்காள் இரண்டு வாளிப் பாலோடு இறங்கி வருகையில் வழுக்கி விழுந்தார். வலது கையை ஊன்றி விழுந்ததால் ஒரு வாளிப் பால் மண்ணோடு போயிற்று. அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆனால் அவருடைய அனுமதி பெற்றே இதைச் சொல்கிறேன். அவரும் இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

பால் கொட்டகைக்கு வந்தவரை, "என்னக்கா, பால் குறைகிறதே?" என்று கேட்டேன். "விழுந்துட்டேன் தம்பி, ஒரு வாளி கவிழ்ந்து போச்சு" என்றார். "அடி பட்டதா?" என்றேன். "பரவாயில்லை தம்பி" என்றார். நானும் அதோடு விட்டுவிட்டேன். பால் குறைந்த காரணத்தை மேலிடத்தில் கேட்பார்களே என்று, எடைக்கு நேரே "வாளி கவிழ்ந்தது" என்று எழுதி வைத்தேன்.

தோழர்களே, கொட்டிய பாலை எழுதினேன். விழுந்த மனிதரை எழுதவில்லை. வேலையில் நேர்ந்த விபத்தை 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டியது முதலாளியின் கடமை. அந்தத் தகவல் ஆபீசுக்குள் போக வேண்டிய வாசலில் உட்கார்ந்திருந்தவன் நான். அவர் "பரவாயில்லை" என்றார். அந்தச் சொல் எனக்கும் வசதியாக இருந்தது.

அக்காள் தைலம் தேய்த்தார். உருவுகிற பாட்டியிடம் போய் இரண்டு முறை உருவிக் கொண்டார். கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கினார். நான்கு மாதம் கழித்துப் பார்த்தால் கையை முதுகுப் பக்கம் கொண்டு போக முடியவில்லை. தலை வாரிக் கொள்ள முடியவில்லை. இரவில் அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க முடியவில்லை. டாக்டரிடம் போனபோது தோள் உறைந்து விட்டது என்றார்கள். தோள் மூட்டைச் சுற்றியுள்ள உறை வீங்கி, தடித்து, சுருங்கிப் போகும் நோய் அது. நாற்பது முதல் அறுபது வயது வரை உள்ளவர்களுக்கு அதிகம் வரும். ஆண்களை விடப் பெண்களுக்கு அதிகம். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். விழுந்து அடிபட்டு, வலிக்குப் பயந்து கையை அசைக்காமல் வைத்திருந்தாலும் வரும். அக்காளுக்கு இனிப்பு நீரும் இருந்தது.

ஆசுபத்திரிக்கு அவரை நான்தான் அழைத்துப் போனேன். செய்த தவற்றுக்கு அந்த அளவாவது செய்ய வேண்டும் என்று நினைத்தேன். அப்படித்தான் ஃபிசியோதெராப்பி அறையின் உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

அது என்ன வைத்தியம்?

ஃபிசியோதெராப்பி என்பதைத் தமிழில் இயன்முறைச் சிகிச்சை என்கிறார்கள். அசைவு கெட்ட உடம்பை, அசைவைக் கொண்டே திருத்துகிற வைத்தியம். எலும்பு முறிந்து கட்டுப் போட்டவர், பக்கவாதம் வந்தவர், இடுப்பு பிடித்தவர், முழங்கால் தேய்ந்தவர், நெஞ்சில் சளி கட்டியவர் எல்லாரும் அங்கே வருவார்கள். அதைச் செய்கிறவர் ஃபிசியோதெராப்பிஸ்ட். அவர் உருவுகிறவர் அல்லர். ஊசி மருந்து கொடுக்கும் டாக்டரும் அல்லர். உடம்பின் தசை, மூட்டு, நரம்பு எப்படி வேலை செய்கின்றன என்பதை ஆண்டுக்கணக்கில் படித்தவர். பல நாட்டு ஃபிசியோதெராப்பிஸ்டுகளின் சங்கங்கள் 1951ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் ஒன்றுகூடி உலக அமைப்பொன்றை நிறுவின. அந்த நாளையே இன்றும் உலக ஃபிசியோதெராப்பி தினமாகக் கொண்டாடுகிறார்கள். அவர்களும் சங்கம் கண்டவர்கள்தாம், தோழர்களே!

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு நிறைவேறிய துணைச் சுகாதாரத் தொழிலர் சட்டம் 2020இல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டப்படி, ஃபிசியோதெராப்பிஸ்ட் என்று தொழில் நடத்துகிறவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். தொழில் நடத்துவதற்கான சான்றிதழும் வைத்திருக்க வேண்டும். பட்டணத்தில் கடை வீட்டில் பலகை மாட்டிய தனியார் இடத்துக்குப் போகிறவர்கள், "நீங்கள் பதிவு பெற்றவர்தானே?" என்று கேட்கலாம். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. உங்களைத் தொட்டுப் பார்க்கும் முன்பே பத்துத் தடவைக்குச் சேர்த்துப் பணம் கட்டு, பெல்ட் வாங்கு, கட்டில் வாங்கு என்று சொல்லும் இடமாக இருந்தால், வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

போகும் முன்

அரசாங்க ஆசுபத்திரிக்குப் போவதானால் டாக்டர் கொடுத்த கடிதத்தை முதலில் அந்தப் பகுதியில் காட்டி, நாள் குறித்து வாங்க வேண்டும். அன்றைக்கே பார்க்க மாட்டார்கள். சில வாரம் தள்ளிக்கூட நாள் கிடைக்கும். ஆகவே கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் வைக்காதீர்கள். கடிதம் கிடைத்த வாரமே நாள் வாங்குங்கள்.

அடையாளக் கார்டு, டாக்டர் கடிதம், எக்ஸ்ரே எடுத்திருந்தால் அதன் விவரம், சாப்பிடும் மாத்திரைகள், இனிப்பு நீர் அல்லது இரத்த அழுத்தச் சிகிச்சைப் புத்தகம் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். தளர்வான உடை உடுத்துங்கள். தோள் வலி என்றால் தோளைப் பார்க்க வேண்டும்; முழங்கால் வலி என்றால் முழங்காலைப் பார்க்க வேண்டும். தாய்மார்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. திரை உண்டு. பெண் ஃபிசியோதெராப்பிஸ்ட் வேண்டுமென்று கேட்கலாம். துணைக்கு ஒருவர் உள்ளே இருக்க வேண்டும் என்றும் கேட்கலாம். மலாய் சரளமாக வராதவர்கள் பேசத் தெரிந்த ஒருவரை அழைத்துப் போங்கள். பள்ளிப் பிள்ளையை அழைத்துப் போனால், பிள்ளை முன்னால் சொல்லக் கூசும் விஷயங்கள் சொல்லப்படாமலே போய்விடும். பெரியவர் ஒருவர் துணையே நல்லது.

உள்ளே என்ன நடக்கும்?

முதல் நாள் பெரும்பாலும் கேள்வியும் சோதனையுந்தான். எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது, எந்த அசைவில் கூடுகிறது, எதில் குறைகிறது, இரவில் தூக்கத்தைக் கெடுக்கிறதா, மரத்துப் போகிறதா, முன்பு அடிபட்டதா, வேறு என்ன நோய் உண்டு என்றெல்லாம் கேட்பார்கள். வலிக்கு எண் கேட்பார்கள். வலியே இல்லையென்றால் பூஜ்யம். தாங்கவே முடியாத வலி என்றால் பத்து.

அதன் பிறகு நிற்கச் சொல்லி, நடக்கச் சொல்லி, குனியச் சொல்லிப் பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்தில் கோணம் அளக்க வைத்திருந்தோமே, அதைப் போன்ற ஒரு கருவியால் கை எவ்வளவு உயர்கிறது என்று அளந்து எழுதுவார்கள். "நான் தள்ளுகிறேன், நீங்கள் தள்ள விடாதீர்கள்" என்று சொல்லித் தசையின் பலம் பார்ப்பார்கள். அங்கங்கே அழுத்திப் பார்ப்பார்கள். எதைச் செய்தாலும், ஏன் செய்கிறோம் என்று சொல்லிவிட்டே செய்ய வேண்டும். பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

பிறகுதான் சிகிச்சை. சூடான ஒத்தடம் வைப்பார்கள், அல்லது பனிக்கட்டி ஒத்தடம். சிலருக்குச் சிறு பட்டைகளை ஒட்டி இலேசான மின்சாரம் விடுவார்கள்; எறும்பு ஊர்வது போல் இருக்கும், பயப்பட வேண்டியதில்லை. சிலருக்கு மூட்டைக் கையால் பிடித்து மெல்ல அசைத்துத் தளர்த்துவார்கள். இங்கே இனிப்பு நீர்க்காரர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. கையிலோ காலிலோ உணர்வு குறைந்திருந்தால் ஒத்தடம் வைக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சூடு தெரியாமல் தோல் வெந்து போகும். கர்ப்பிணிகளும், நெஞ்சில் கருவி வைத்திருப்பவர்களும், புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றவர்களும் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஆனால் இவையெல்லாம் துணைக்குத்தான். அசல் வைத்தியம் அவர்கள் கற்றுக் கொடுக்கும் பயிற்சி. ஒரு வாரத்தில் அவர்களோடு நீங்கள் இருப்பது அரை மணி நேரமோ முக்கால் மணி நேரமோதான். மீதி நாளெல்லாம் உங்கள் உடம்பு உங்களிடமே இருக்கிறது. வீட்டில் பயிற்சி செய்யாதவர் பத்துத் தடவை போனாலும், "மெஷின் வைத்தார்கள், ஒன்றும் ஆகவில்லை" என்றுதான் திரும்பி வருவார்.

பயிற்சி செய்தால் வலிக்குமே என்பீர்கள். கொஞ்சம் வலிக்கும். முதல் நாள் மரம் வெட்டியபோது உங்கள் கை எப்படி வலித்தது? அப்படித்தான் இதுவும். செய்தபின் தோன்றும் வலி ஒரு நாளுக்குள் அடங்கினால் அஞ்ச வேண்டாம். நாளுக்கு நாள் கூடினாலோ, வீங்கினாலோ, மரத்துப் போனாலோ பயிற்சியை நிறுத்திவிட்டுப் போய்ச் சொல்லுங்கள். இடுப்பு வலி என்றால் பாயில் படுத்தே கிடக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் சொன்னார்கள். இன்றைய வைத்தியம் அப்படிச் சொல்வதில்லை. சாதாரண இடுப்பு வலிக்குப் படுத்தே கிடப்பதைவிட, முடிந்த அளவு நடமாடுவதே நல்லது என்கிறது.

ஒரே ஓர் எச்சரிக்கை. இடுப்பு வலியோடு, உட்காரும் இடம் மரத்துப் போனாலோ, சிறுநீர் இறங்காமலோ அடங்காமலோ போனாலோ, இரு கால்களும் பலம் இழந்தாலோ குறித்த நாள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே அவசரச் சிகிச்சைப் பகுதிக்குப் போக வேண்டும்.

அக்காள் சொன்ன எண்

இப்போது அந்த அக்காளின் கதைக்கு வருகிறேன். முதல் நாள் பார்த்தவர் இளம் வயது மலாய்ப் பெண்மணி. அன்பாகவே பேசினார். "மக்சிக் என்ன வேலை?" என்று கேட்டார். அக்காள் "எஸ்டேட் வேலை" என்றார். "வலி எவ்வளவு?" என்று கேட்டார். அக்காள் சிரித்துக் கொண்டே "சிக்கிட்" என்றார். அந்தப் பெண்மணி இரண்டு என்று எழுதிக் கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கொண்டிருந்தேன். இரண்டுக்கு ஏற்ற பயிற்சி கிடைத்தது. அதைச் செய்ய முடியாமல் அக்காள் பாதியில் விட்டார். இரண்டாம் தடவையும் கேட்டார்கள். மறுபடியும் சிரிப்பு, மறுபடியும் "சிக்கிட்".

வெளியே வந்து பஸ் நிற்கும் இடத்தில் உட்கார்ந்ததும், தோளைப் பிடித்துக் கொண்டு அழுதார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏனக்கா உள்ளே சொல்லவில்லை?" என்று கேட்டேன். "பெரிய படிப்புப் படிச்ச பிள்ளை, நல்ல மனசோட பாக்குது. அதுகிட்ட போய் வலிக்குது வலிக்குதுன்னு எப்படித் தம்பி சொல்றது?" என்றார்.

தோழர்களே, இந்தப் பதிலை நான் பல நாள் யோசித்துப் பார்த்தேன். பெரட்டில் பேர் சொல்லும்போது காய்ச்சலோடு நின்றாலும் "பரவாயில்லைங்க". துரை கேட்டால் "பரவாயில்லைங்க". டிரஸ்ஸர் கேட்டால் "பரவாயில்லைங்க". கிராணி கேட்டாலும் அதே சொல்தான். வலிக்கிறது என்றால் வேலை போகும், பேர் கெடும், சோம்பேறி என்பார்கள் என்று நம் பாட்டனாரும் பாட்டியாரும் பயந்து பழகிய சொல் அது. அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. அன்றைக்கு அந்தச் சொல் அவர்களுக்குக் குடையாக இருந்தது. ஆனால் வைத்தியம் செய்கிறவரிடம் அந்தக் குடையைப் பிடித்தால் நம் நோய் அவர் கண்ணுக்குத் தெரியாது.

மூன்றாம் தடவை போகும்போது அக்காளிடம், "இன்று நீங்கள் உங்கள் வேலையைச் செய்து காட்ட வேண்டும்" என்று சொன்னேன். அவர் கையில் ஒரு குடை இருந்தது. அந்த அறையின் சுவரை மரமாக வைத்துக் கொண்டு, குடையை உளியாகப் பிடித்து வெட்டிக் காட்டினார். மேல் வெட்டு என்றால் அண்ணாந்து, கையை உயர்த்தி எப்படி வெட்ட வேண்டும் என்று காட்டப் போனார். கை தோளளவு கூட உயரவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. கீழ் வெட்டு என்றால் எப்படிக் குனிய வேண்டும், மங்கை எப்படி எடுத்துக் கவிழ்க்க வேண்டும், இரண்டு வாளியையும் தூக்கிக் கொண்டு மேட்டில் எப்படி இறங்க வேண்டும் என்றும் காட்டினார். அந்தப் பெண்மணி எழுதுவதை நிறுத்திவிட்டு, "ஒரு நாளைக்கு இப்படி எத்தனை மரம்?" என்று கேட்டார். "ஐந்நூறுக்கு மேலே" என்றார் அக்காள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். உண்மைதான் என்று தலையசைத்தேன்.

"வலி எவ்வளவு?" என்று அவர் மறுபடியும் கேட்டார். அக்காள் சற்று நேரம் தரையைப் பார்த்துக் கொண்டிருந்துவிட்டு, "எட்டு" என்றார்.

அன்றைக்குத்தான் வைத்தியம் தொடங்கியது என்பேன். பயிற்சி மாறியது. மேசையைப் பிடித்துக் குனிந்து, வலிக்கும் கையைத் தொங்கவிட்டுக் கடிகாரத்துப் பெண்டுலம் போல் மெல்ல ஆட்டுவது ஒன்று. சுவரில் விரல்களை வைத்துச் சிலந்தி போல் மேலே ஏற்றிக் கொண்டே போய், எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடுவது இன்னொன்று. லயத்து வீட்டுச் சுவரில் அந்தக் கோடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வாரத்துக்கு ஒரு விரற்கடை ஏறியது. சில வாரம் ஏறவே இல்லை. உறைந்த தோள் இளகுவதற்கு மாதக்கணக்காகும். சிலருக்கு இரண்டு ஆண்டுக்கு மேலும் ஆகும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தார்கள். அதனால் அக்காள் மனம் தளரவில்லை. பத்து மாதம் கழித்துத் தம் தலையைத் தாமே வாரிக் கொண்டு பெரட்டுக்கு வந்தார். மேல் வெட்டு மட்டும் இன்னும் அவருக்கு ஆகாது. அதற்கு ஆசுபத்திரியிலிருந்து எழுத்து மூலம் வாங்கி வந்தோம். கீழ் வெட்டு நிரைக்கு மாற்றினார்கள்.

உரிமையை எழுத்தில் வாங்குங்கள்

இன்னும் ஒரு விஷயம் பாக்கி. 1969ஆம் ஆண்டில் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 1971இல் சொக்சோ நிறுவனம் அமைந்தது. இன்று அதைப் பெர்கேசோ என்று சொல்கிறோம். வேலையில் ஏற்படும் விபத்துக்கும், வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் ஏற்படும் விபத்துக்கும் அதில் பாதுகாப்பு உண்டு. டாக்டர் குறைந்தது நான்கு நாள் மருத்துவ விடுப்புக் கொடுத்தால் தற்காலிக ஊன உதவித் தொகை உண்டு. சட்டம் கணக்கிடும் சராசரி நாட்கூலியில் 80 விழுக்காடு. ஃபிசியோதெராப்பி போன்ற மறுவாழ்வுச் சிகிச்சைகளும் சொக்சோ உதவிகளில் அடங்கும். அடிபட்டவர் மீண்டும் வேலைக்குத் திரும்ப உதவும் திட்டம் 2007 முதல் நடக்கிறது. மலாக்காவில் சொக்சோவின் பெரிய மறுவாழ்வு மையம் 2014இல் திறக்கப்பட்டது. நம்மோடு வேலை செய்யும் வெளிநாட்டுத் தோழர்களுக்கும் 2019 ஜனவரி முதல் சொக்சோவின் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. இதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வது நம் கடமை.

இத்தனை இருந்தும், விபத்து நடந்ததற்கு எழுத்து இல்லையென்றால் உரிமையைக் கேட்பது மலையேறுவது போல் ஆகிவிடும். அக்காளுக்காக மனுச் செய்தபோது, "விபத்து நடந்தது என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார்கள். புத்தகங்களையெல்லாம் புரட்டினோம். கிடைத்தது ஒரே ஒரு வரி: நான் எழுதிய "வாளி கவிழ்ந்தது." அந்த இரண்டு சொல்லையும், பக்கத்து நிரையில் வெட்டிய இருவரின் வாக்குமூலத்தையும் வைத்துத்தான் மனு எழுதினோம். பல மாத அலைச்சலுக்குப் பிறகே முடிவு நமக்குச் சாதகமாக வந்தது. அன்று மாலையே ஒரு பாரத்தை நிரப்பியிருந்தால் அந்த அலைச்சல் இல்லை. நான்கு மாதம் தோள் உறையும் வரை அவர் காத்திருந்திருக்கவும் மாட்டார்.

ஆகவே இந்தக் கூட்டத்தின் முன்னே நான் வைக்கும் வேண்டுகோள்கள் இவை.

ஒன்று: வேலையில் விழுந்தால், அடிபட்டால், சிறியதோ பெரியதோ, அன்றைக்கே மண்டோரிடமும் ஆபீசிலும் சொல்லுங்கள். கிளைத் தலைவர் காதிலும் போடுங்கள். கிராணி எழுதினாரா என்று நின்று பாருங்கள். நான் எழுதாவிட்டால் என்னையும் கேளுங்கள்.

இரண்டு: ஃபிசியோதெராப்பிக்குக் கடிதம் கொடுத்தால் உடனே நாள் வாங்குங்கள். போன ஒவ்வொரு தடவையும், வந்து போனதற்கான சீட்டைக் கேட்டு வாங்கி ஆபீசில் கொடுத்து, ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள். எந்த வேலை ஆகும், எந்த வேலை ஆகாது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். "இலேசான வேலை" என்று மட்டும் எழுதினால் ஆபீசில் ஆளுக்கு ஒரு பொருள் சொல்வார்கள். "தோளுக்கு மேல் கை தூக்கும் வேலை கூடாது" என்று எழுதினால் யாரும் வேறு பொருள் சொல்ல முடியாது.

மூன்று: உங்கள் வேலையை அவர்களுக்குச் செய்து காட்டுங்கள். பால்மரம் வெட்டுவதை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். செம்பனைக் குலை தள்ளுவதையும் பார்த்திருக்க மாட்டார்கள். தெரியாதது அவர்கள் குற்றமில்லை. தெரிவிக்காதது நம் குற்றம்.

நான்கு: பயிற்சியை விடாதீர்கள். வலி மாத்திரையை மட்டும் நம்பி மாதக்கணக்கில் விழுங்காதீர்கள். வயிறும் சிறுநீரகமும் கெடும். இனிப்பு நீரும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

கிளை நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். சிகிச்சைக்குப் போகும் நாளில் சம்பளம் முழுவதும் போய்விடுமே என்ற பயந்தான் பலரைத் தடுக்கிறது. காலையில் வெட்டி முடித்துவிட்டு மத்தியானம் போகிறபடி நேரம் கேட்டு வாங்கலாம். நான்கு பேர் ஒரே நாளில் போகிறபடி அமைத்துக் கொண்டால் வண்டிச் செலவும் குறையும். நிர்வாகத்திடம் இதைப் பேச வேண்டும். பேசுகிற அன்று அந்த மேசைக்கு இந்தப் பக்கம், உங்களோடு உட்கார நான் தயார்.

தோழர்களே, உளி மழுங்கினால் தீட்டுகிறோம். வாளி ஓட்டையானால் அடைக்கிறோம். இந்தக் கை மட்டும் என்ன, கேட்பாரற்றதா? இனி யாரேனும் "வலிக்கிறதா?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். எட்டு என்றால் எட்டு என்றே சொல்லுங்கள். கேட்கிறவன் நானாக இருந்தாலும் சொல்லுங்கள். இந்த முறை எழுதிக் கொள்கிறேன்.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!